சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு: ஒரு வருஷம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு எழுதுகிறேன்

இந்த வகுப்புக்குப் போர்டு கிடையாது, பெயரும் கிடையாது. காரைக்குடிப் பக்கம், கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி போகிற பாதையில் எங்கள் ஊர். ஊருணிக்கு வடக்கே இரண்டாவது தெருவில், பாதி பூட்டியே கிடக்கிற ஒரு பழைய செட்டியார் வீட்டின் முகப்பிலும் பட்டாசாலை என்கிற உள்கூடத்திலும் நடக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டரை வரை. வாசற்படியில் சின்னச் சின்னச் செருப்பாகக் கிடந்தால் அன்றைக்கு வகுப்பு உண்டு என்று அர்த்தம். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம். காசு வாங்குவதில்லை. என் மகள் ஏழாவதும் மகன் நாலாவதும் சேர்ந்த ஜூன் மாதத்திலிருந்து ஒரு வருஷம் அனுப்பியிருக்கிறேன். அனுப்பலாமா என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்குடியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் என்று நாள் முழுக்க அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் மார்க்கைத் தட்டிக்கொண்டிருப்பவள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மற்ற பாடமெல்லாம் அறுபது, எழுபது என்று இருக்கும். கணக்கு மட்டும் 35, 36 என்று விளிம்பில் நிற்கும். பாலிடெக்னிக் விண்ணப்பம் போட வந்த பையன் அந்த ஷீட்டை என் கையில் கொடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த முகம் எனக்குத் தெரியும். 2003-ல் பத்தாவதில் நான் கணக்கில் 28. மறுதேர்வு எழுதித்தான் தேறினேன். அதற்குப் பிறகு கணக்கு வருகிற எந்தப் படிப்புப் பக்கமும் போகவில்லை. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கலாம் என்று உட்கார்ந்தபோதுகூட, இருநூறு கேள்வியில் இருபத்தைந்து கணக்கும் மனத்திறனும் என்று பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் மகளுக்கும் அது வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை எல்லாம்.

இதற்கு முன்னால் ஒரு டியூஷனுக்கு அனுப்பினேன். எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு மாதம் 400 ரூபாய். நோட்டைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ரைட். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள் மளிகைச் சீட்டைக் கொடுத்து, ஐநூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு வரும் என்று கேட்டேன். நெடுநேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, கரும்பலகையில் போட்டதை நோட்டில் எழுதுவதுதான் அங்கே கணக்கு. எட்டு மாதம் கட்டியிருந்தேன்.

சனிக்கிழமை வகுப்பை நடத்துகிற டீச்சர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் பரீட்சைத்தாள் எதுவும் கொடுக்கவில்லை. தரையில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிலேட்டைக் கொடுத்தார். 402-லிருந்து 157 கழி. "போட்டுக் காட்டாத்தா. போடும்போதே வாய்விட்டுச் சொல்லு" என்றார். அவள் 355 என்று எழுதினாள். தப்பு என்று டீச்சர் சொல்லவில்லை. "கடைசில அஞ்சு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டுல ஏழு போகாதுல்ல டீச்சர், அதான் ஏழுலேருந்து ரெண்டக் கழிச்சேன்."

டீச்சர் என் பக்கம் திரும்பி, "இவளுக்கு ஏழாம் வகுப்புக் கணக்குல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. மூணாம் வகுப்புல ஒண்ணு விட்டுப்போச்சு. அத யாரும் திரும்பிப் போயி எடுத்துக் குடுக்கல" என்றார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. என் மகளுக்கு மூன்றாம் வகுப்பு முழுசும் வீட்டிலேயே போனது. வீட்டில் ஒரே போன், அதையும் அவள் அப்பா பட்டறைக்கு எடுத்துப் போய்விடுவார். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, பார்த்தாள். டி.வி. திரும்பக் கேள்வி கேட்காது. 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி வந்து, எங்கள் தெருவிலும் ஒரு தன்னார்வலர் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதில்தான் அவள் வாசிக்கப் பழகினாள், அந்தப் பெண்ணை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் கணக்கில் விட்டுப்போனது விட்டுப்போனபடியே நாலு, அஞ்சு, ஆறு என்று அவளோடு ஏறி வந்திருக்கிறது.

பள்ளியையும் நான் குறை சொல்ல மாட்டேன். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. வகுப்போ ஐந்து. ஒரு டீச்சர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, ஒருத்தி ரெண்டிலிருந்து ஏழை எப்படிக் கழித்தாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எங்கே நேரம்? சட்டத்துக்கு உட்பட்டுத்தான் எல்லாம் நடக்கிறது, பிள்ளைக்குத்தான் கிடைக்காமல் போகிறது.

அந்தக் கழித்தலை எப்படித் தீர்த்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகுப்பு எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும். தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருக்கிறார்கள். பத்து ஈர்க்கு ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட்டது. பத்துக் கட்டு ஒரு கொட்டான். நம் ஊர்க் கல்யாணங்களில் வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுக்கிற அதே பனையோலைக் கொட்டான்தான். ஆக 402 என்றால் நாலு கொட்டானும் உதிரியாக இரண்டு ஈர்க்கும். கட்டு ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து 157-ஐ எடு என்றார் டீச்சர். ஏழு ஈர்க்கு வேண்டும், கையில் இருப்பது இரண்டு. அவிழ்க்கலாம் என்றால் கட்டும் இல்லை. என் மகள் கொட்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து ஒரு கொட்டானைத் தரையில் கவிழ்த்தாள். பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டை அவிழ்த்தாள். உதிரி இப்போது பன்னிரண்டு. ஏழை எடுத்தாள், ஐந்து மீதி. ஒன்பது கட்டில் ஐந்து போக நாலு. மூன்று கொட்டானில் ஒன்று போக இரண்டு. 245.

அதற்கப்புறம் டீச்சர் சொன்னதுதான் எனக்குப் பெரிசாகப் பட்டது. "பக்கத்து எண்ணுகிட்ட கடன் வாங்குறோம்னு சொல்லிக்கொடுத்திருப்பாங்க. கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல? இங்க யாரு யாருக்குத் திருப்பிக் குடுத்தா? கட்டை அவிழ்க்கிறோம், அம்புட்டுதான்." வட்டியும் கடனும் தெரிந்த சீமையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. இப்போது என் மகன் வீட்டில் கணக்குப் போடும்போது கடன் என்று சொல்வதில்லை. "கட்டை அவுத்துட்டேன்" என்கிறான்.

இந்த ஒரு விஷயத்துக்கு மூன்று சனிக்கிழமை எடுத்தார்கள். டியூஷனில் மூன்று வாரத்தில் இரண்டு பாடம் முடிந்திருக்கும். அவசரப்படுகிற அப்பா அம்மாவுக்கு இந்த வகுப்பு பொறுக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு வாரியாக உட்கார வைப்பதில்லை. எது விட்டுப்போயிருக்கிறதோ அதன்படி. அதனால் முதல் வாரம் என் மகளும் நாலாவது படிக்கிற தம்பியும் ஒரே பாயில் உட்கார வேண்டி வந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள், இனிமேல் போக மாட்டேன் என்றாள். டீச்சரிடம் சொன்னேன். நம்ப மாட்டீர்கள், அடுத்த வாரம் பாய்களின் பெயரே மாறிவிட்டது. முதல் கூட்டம், இரண்டாம் கூட்டம் என்று இருந்ததை ஈர்க்குக் கூட்டம், உழக்குக் கூட்டம், கல் கூட்டம் என்று ஆக்கிவிட்டார். எது மேலே, எது கீழே என்று பெயரில் தெரியாது. 2022-ல் அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்த யோசனைதான். அதைப் பெரிய வகுப்புக்கும் மனசு நோகாமல் கொண்டுவந்திருக்கிறார். தாய் வந்து சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரே வாரத்தில் காது கொடுக்கிற இடம் எத்தனை இருக்கிறது?

உழக்குக் கூட்டம் என்றால் பின்னம். அந்த வீட்டு ஆச்சி சென்னையில் இருக்கிறார். வகுப்பு நடத்திக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தவர், உள் அறையில் கிடந்த பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். 1/4 பெரிசா 1/8 பெரிசா என்று டீச்சர் கேட்டார். எட்டுப் பேரில் ஆறு பேர் 1/8 என்றார்கள். நாலைவிட எட்டுப் பெரிசு, அதனால். டீச்சர் பதில் சொல்லாமல், "உழக்கு பெருசா ஆழாக்கு பெருசா?" என்றார். உழக்குதான் என்று எல்லாரும் ஒரே குரல். "ஒரு படிக்கு எத்தனை உழக்கு?" அரிசியை அளந்து கொட்டினார்கள். நாலு. "எத்தனை ஆழாக்கு?" எட்டு. பாத்திரத்தின் தலைக்கு மேல் குவியாமல் கைவிரலால் வழித்துவிடச் சொன்னார். ஒரு பையன் வழித்த கையோடு அப்படியே நின்றுவிட்டான். "அப்போ கீழ இருக்குற நம்பர் கூடக் கூட பங்கு கொறையுதா டீச்சர்?" என்றான். டீச்சர் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் சிலேட்டை வாங்கி, அவன் சொன்னதை அவனையே எழுதச் சொன்னார்.

அடுத்தது கூட்டல். 1/4-ஐயும் 1/8-ஐயும் கூட்டு. மேலே இரண்டு, கீழே பன்னிரண்டு என்று பாதிப் பேர் 2/12 போட்டார்கள். நான் படித்த காலத்தில் இதற்கு அடி விழும். டீச்சர் அதைச் சுருக்கச் சொன்னார். 1/6 வந்தது. "கால் பெருசா, ஆறுல ஒண்ணு பெருசா?" கால் என்றார்கள், இப்போதுதான் அரிசியில் பார்த்திருக்கிறார்களே. "அப்போ உழக்கு அரிசியோட ஆழாக்கு அரிசியச் சேர்த்தா, முன்ன இருந்த உழக்கவிடக் கொறஞ்சு போச்சா?"

கூட்டம் முழுக்க அமைதி. என் மகள்தான் எழுந்து உழக்கு அரிசியை ஆழாக்கில் மாற்றி மாற்றி அளந்தாள். உழக்குக்கு இரண்டு ஆழாக்கு, இது ஒன்று, மொத்தம் மூன்று ஆழாக்கு. படிக்கு எட்டு ஆழாக்கு. 3/8. பகுதியைச் சமமாக்கு, பகுதியைச் சமமாக்கு என்று எனக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது எதற்காக என்று முப்பத்தேழு வயதில் அந்தத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது. ஒரே அளவையில் அளந்தால்தானே எண்ண முடியும். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவைச் சொல்ல எனக்கு யாரும் இல்லையே என்றும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து என் மாமியாரையும் வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகாதவர், பால் ஊற்றிப் பிழைத்தவர். அரைக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் கால், இரண்டு வீசம் அரைக்கால் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சிலேட்டில் 1/8, 1/16 என்று எழுதினார்கள். மாகாணி என்பதும் அந்தப் பதினாறில் ஒன்றுதான், முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, நம் சீமையிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டிப் பிள்ளைகள் இதையெல்லாம் வாய்ப்பாடாக ஒப்பித்துவிட்டுத்தான் பெட்டியடியில் உட்கார்ந்தார்கள் என்று டீச்சர் சொன்னார். அப்பத்தா கணக்குத் தெரிந்தவள் என்று என் மகன் அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

கல் கூட்டம் பெரிய பிள்ளைகளுக்கு. பரப்பளவு, விகிதம், சதவீதம். அதற்குத் தளமே போதும். அந்தப் பட்டாசாலையில் பதித்திருப்பது எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல், அதாவது டைல்ஸ். என் வீட்டுக்காரர் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றிப் பூப்போடுகிற வேலை. ஒருநாள் அவரையும் கூப்பிட்டார்கள். "நூறு சதுரடிக்கு 225 கல்லு" என்றார். எப்படி என்று ஒரு பெண் கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகள் தரையில் குனிந்து எண்ணினார்கள். மூன்று கல் சேர்ந்தால் 24 அங்குலம், அதாவது இரண்டடி. மூன்றுக்கு மூன்று ஒன்பது கல், நாலு சதுரடி. நூறில் நாலு இருபத்தைந்து தடவை. இருபத்தைந்து ஒன்பது 225. உடைசலுக்கு நூற்றுக்கு அஞ்சு கூடப் போட வேண்டும் என்றார் அவர். 225-க்கு 5 சதவீதம் 11.25 வருகிறது, கால் கல்லை யாரும் விற்க மாட்டார்கள், ஆக 12, மொத்தம் 237 என்றாள் என் மகள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இவர், "பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன், ஏன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு" என்றார். அவளுக்கு இன்னொரு தோசை வைத்தார்.

பாடப் புத்தகம் அரசுப் புத்தகம்தான். கைடு கொண்டு வந்தால் பையிலேயே வைக்கச் சொல்லிவிடுவார்கள். ஒரு டேப்லெட் இருக்கிறது. மணற்கேணி செயலியில் வருகிற படங்களை வடிவியலுக்குக் காட்டுகிறார்கள், முக்கோணத்தைத் திருப்பிக் காட்டுவதற்கெல்லாம் அது நன்றாக இருக்கிறது. டீச்சர் தவிர, காரைக்குடியில் கணிதம் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு அக்கா, இரண்டு அண்ணன். அவர்களும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். ஒரு பெண்பிள்ளை எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கலாம் என்பதையே என் மகள் இங்கேதான் கண்ணால் பார்த்தாள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்கும் இங்கேயே பழக்குகிறார்கள். என் வேலையை வைத்துச் சொல்கிறேன், நம் பக்கத்தில் பாதிப் பெற்றோருக்கு இந்தத் தேர்வு இருப்பதே தெரியாது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற, குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. மனத்திறன் தாளில் எண் வரிசை, விகிதம் என்று வருவதை மனப்பாடத்தால் தாண்ட முடியாது. ஈர்க்கும் உழக்கும் அங்கேதான் கைகொடுக்கின்றன. எங்கள் தெருப் பையன் ஒருவன் தேறிவிட்டான். அவன் அம்மா வருமானச் சான்றுக்கு என்னிடம்தான் வந்தார். என் கையாலேயே அந்த விண்ணப்பத்தைப் பார்த்து அனுப்பினேன்.

டிசம்பர் 22-ல் ராமானுஜன் பிறந்த நாள். அன்றைக்கு மட்டும் பாடம் இல்லை, சுண்டலும் கதையும். காகிதத்துக்கு வழியில்லாமல் அவர் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்ததை டீச்சர் சொன்னபோது பிள்ளைகள் தங்கள் கையிலிருந்த சிலேட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் வேறு. ராமானுஜன் பெயரில் சென்னையில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தை 1950-ல் தொடங்கி வைத்தவர் நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். பிறகு அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. காரைக்குடியில் அவர் பெயரைப் பார்க்காமல் ஒரு தெரு கடக்க முடியாது. கல்லூரி கட்டினார், சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வு நிலையம் வருவதற்கு நிலமும் பணமும் கொடுத்தார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குக்கும் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இனி குறைகள். நல்ல இடம் என்பதால்தான் மறைக்காமல் சொல்கிறேன், டீச்சரிடமும் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

முதலாவது கழிப்பறை. வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. பூட்டி, சாவி காவல்காரரிடம். ஏழாவது எட்டாவது படிக்கிற பெண்பிள்ளைகள் மூன்று மணி நேரம் எப்படி அடக்கிக்கொண்டு உட்காருவார்கள்? இரண்டு பிள்ளைகள் இதற்காகவே வராமல் நின்றுவிட்டார்கள். ஆச்சிக்குப் போன் போட்டுச் சொல்லி, நவம்பரில்தான் சாவி உள்ளே ஆணியில் தொங்க ஆரம்பித்தது. ஐந்து மாதம் அதற்கு ஆகியிருக்கக் கூடாது. முதல் நாளே கவனிக்க வேண்டியது இது.

இரண்டாவது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு செமஸ்டர் வந்தால் வகுப்பு ஆடிப்போகிறது. நவம்பரில் மூன்று வாரமும் ஏப்ரலில் இரண்டு வாரமும் நாற்பது பிள்ளைகளுக்கு டீச்சர் ஒருவர்தான். அந்த நாட்களில் என் மகன் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தான். பிள்ளை போட்டதைப் பக்கத்தில் இருந்து கேட்பதுதான் இந்த வகுப்பின் உயிர். அதற்கு ஆள் வேண்டும். என்னைப் போல அம்மாமார் நாலு பேர், ஈர்க்குக் கூட்டத்தையாவது பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். மே மாதத்தில் டீச்சர் எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தார்.

சிலேட்டில் போட்டு அழிப்பதால் பிள்ளை என்ன படித்தது என்று வீட்டுக்குத் தெரிவதில்லை. மாதத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவது இன்னொரு குறை. ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகள்தான் என் மேஜைக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்கள். அவர்களுக்கும் மூன்றாம் வகுப்பில் விட்டுப்போனது இருக்கும். அதை எடுத்துக் கொடுக்க இடம் இல்லை. டீச்சர் ஒருவரால் அவ்வளவும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு கேட்காதது, வர முடியாத பிள்ளைகள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனி, இரண்டரைக் கிலோமீட்டர். பஸ் இல்லை. அங்கிருந்து ஆரம்பத்தில் பதினோரு பேர் வந்தார்கள். மழைக்காலத்தில் ஐந்தாகி, பிறகு இரண்டானது. முகூர்த்த நாள் என்றால் பெரிய பையன்கள் பந்தி பரிமாறப் போய்விடுகிறார்கள், கையில் முந்நூறு ரூபாய் கிடைக்கும்போது வீட்டில் தடுக்க முடிவதில்லை. பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மட்டும் டீச்சர் ஒரு வழி பண்ணினார். தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வரலாம், முகப்பில் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் வைத்திருக்கிறது. வருகிற ஜூனில் இருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வகுப்பையே காலனிக்குக் கொண்டுபோவதாக முடிவு செய்திருக்கிறார்கள். அங்கே சமுதாயக் கூடம் இருக்கிறது. பிள்ளைகள் இங்கே வர முடியவில்லை என்றால் ஈர்க்குக் கட்டு அங்கே போகட்டும். இதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஒன்பது பேரை இழந்திருக்க மாட்டோம் என்று கூட்டத்தில் சொன்னேன். டீச்சர் ஒத்துக்கொண்டார்.

என் மகள் ஏழாவது ஆண்டுத் தேர்வில் கணக்கில் 71. போன வருஷம் 38. மார்க்குக்காக நான் அனுப்பவில்லை என்று சொல்ல மாட்டேன், அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் கடையில் மீதிக் காசை இப்போது அவள்தான் எண்ணி வாங்குகிறாள், சீட்டைப் பார்த்து ஒரு தடவை கடைக்காரரையே திருத்தினாள். அது எனக்கு இன்னும் பெரிசு.

பள்ளி திறந்து இரண்டாவது சனிக்கிழமை புது ஆட்களைச் சேர்க்கிறார்கள். விண்ணப்பம் எதுவும் இல்லை. ஒன்பது மணிக்குப் பிள்ளையோடு பெரியவர் யாராவது ஒருவர் வர வேண்டும், அம்மாவோ அப்பத்தாவோ போதும். ஒரு சிலேட்டு, தண்ணீர் பாட்டில், பள்ளியில் கொடுத்த கணக்குப் புத்தகம். வழி தெரியாவிட்டால் ஊருணிக் கரை டீக்கடையில் கேளுங்கள், கை காட்டுவார்கள். வீட்டில் பழைய பித்தளை ஆழாக்கோ உழக்கோ சும்மா கிடந்தால் எடுத்து வாருங்கள். இருப்பது ஒரே செட். காலனிக்கு ஒன்று தேவைப்படுகிறது.